டேப்லெட் திரையின் ஓரம் தூக்கியிருந்தால் அழுத்தி மூடாதீர்கள்

"ஓரத்துல பசை விட்டுடுச்சு, ஒட்டிக் கொடுங்க" என்று சொல்லித்தான் பலரும் டேப்லெட்டைப் பழுதுபார்க்கக் கொண்டுவருகிறார்கள். சிலர் அதற்குள் வீட்டிலேயே பசை போட்டு ஒட்டிப் பார்த்திருப்பார்கள். சிலர் கனமான புத்தகங்களை மேலே அடுக்கி ராத்திரி முழுக்க வைத்திருப்பார்கள். கீழே விழாத, தண்ணீர் படாத டேப்லெட்டில் திரை தானாகத் தூக்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பசையை அல்ல, பேட்டரியை. அது உப்பிக்கொண்டு திரையை அடியிலிருந்து தள்ளுகிறது. அதன்மேல் பாரம் வைப்பது மிகவும் ஆபத்தான காரியம்.

டேப்லெட்டுக்குள் இருப்பது லித்தியம் பேட்டரி. கெட்டியான உலோக உறை அதற்குக் கிடையாது. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேர்ந்த மெல்லிய பைதான். பைக்குள் தாள்தாளாக மின்முனைகள், அவற்றை நனைத்தபடி எளிதில் தீப்பற்றும் ஒரு திரவம். அந்தத் திரவம் சிதைந்தால் கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், எத்திலீன் போன்ற வாயுக்கள் உண்டாகும். வெளியேற வழியில்லாததால் பை அப்பளம்போல் உப்புகிறது. போனிலும் இதே கதைதான். ஆனால் டேப்லெட்டின் பேட்டரி அகலமானது, மேலே இருக்கும் கண்ணாடியும் பெரியது. சில மில்லிமீட்டர் உப்பினாலே திரை வளைந்துவிடும்.

உப்பலைச் சீக்கிரமே கண்டுபிடிக்கலாம். சமமான மேசையில் டேப்லெட்டை மல்லாக்க வைத்து ஒரு மூலையை விரலால் லேசாகத் தொடுங்கள். முன்பு ஆடாமல் இருந்தது இப்போது ஆடினால் முதுகு புடைத்திருக்கிறது என்று அர்த்தம். இருட்டில் பார்த்தால் திரையின் விளிம்பில் வெளிச்சம் கசியும். வெள்ளைப் பின்னணியில் நடுவே ஒரு திட்டு மட்டும் பளிச்சென்று தெரியும். தொடாமலே திரை தானாக இயங்கும். நேற்று வரை சரியாகப் பொருந்திய உறை இன்று இறுக்கும். நகப்பூச்சு நீக்கியைப் போன்ற இனிப்பு கலந்த நெடி வந்தால் பை ஏற்கெனவே கிழிந்துவிட்டது.

ஏன் உப்புகிறது? வயதாவது ஒரு காரணம். ஆனால் டேப்லெட்டுக்கென்றே இரண்டு பழக்கங்கள் இருக்கின்றன, இரண்டும் நேர் எதிரானவை.

முதலாவது, நாள் முழுக்கச் சார்ஜரிலேயே கிடப்பது. பில் போடும் மேசை, வரவேற்பறை, சுவரில் மாட்டிய கட்டுப்பாட்டுத் திரை, பிள்ளைகளின் வீடியோ என்று எங்கும் இதே கதி. 100 சதவீதத்தில் பேட்டரிக்குள் இருக்கும் ஒரு செல்லின் (மின்கலத்தின்) மின்னழுத்தம் 4.2 வோல்ட், புதிய வகைகளில் 4.35 வோல்ட்டோ அதற்கு மேலோ இருக்கும். அந்த உச்சத்திலேயே நிற்கும்போது நேர்மின்முனையை ஒட்டிய திரவம் மெல்ல மெல்லச் சிதைகிறது. சூடும் சேர்ந்தால் வேகம் கூடும். 10 டிகிரி ஏறினால் வேதிவினை ஏறக்குறைய இருமடங்காகும் என்பது பொதுவான கணக்கு. பெரும்பாலான டேப்லெட்டுகளில் விசிறி கிடையாது, முதுகு வழியாகத்தான் சூடு வெளியேற வேண்டும். தடித்த ரப்பர் உறையோடு தலையணைமேல் வைத்துச் சார்ஜ் போட்டுக்கொண்டே விளையாடினால் அந்த வழியும் அடைபடும்.

இரண்டாவது, தீர்ந்துபோன டேப்லெட்டை அலமாரியில் போட்டு மறப்பது. திரையில் 0 சதவீதம் என்று வந்த பிறகும் உள்ளே கொஞ்சம் மின்சாரம் மிச்சமிருக்கும். மாதக்கணக்கில் அதுவும் கசிந்துபோகும். செல் சுமார் 2.5 வோல்ட்டுக்குக் கீழே ஆழமாக இறங்கினால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். ஆகவே நெடுநாள் செத்துக்கிடந்த டேப்லெட்டை எழுப்பும்போது அதை வெறும் தரையிலோ டைல்ஸ் மேலோ வைத்து, பக்கத்தில் இருந்து பாருங்கள். முதல் அரை மணி நேரம் திரையில் எதுவுமே வராமல் போகலாம்; மிகக் குறைந்த மின்னோட்டத்தில் தொடங்குவதால் அது இயல்புதான். சூடேறினாலோ முதுகு புடைத்தாலோ உடனே பிடுங்கிவிடுங்கள்.

தடுப்பது கடினமே இல்லை. சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி பல சாம்சங் டேப்லெட்டுகளிலும், 2024 முதல் வந்த ஐபேட் ஏர், ஐபேட் ப்ரோ மாடல்களிலும் அமைப்புகளின் பேட்டரிப் பகுதியில் இருக்கிறது. எப்போதும் சார்ஜரில் இருக்கும் டேப்லெட்டில் இதை இன்றே போட்டுவிடுங்கள். வசதி இல்லாத மாடலுக்கு நேரம் வைத்து அணைக்கும் டைமர் பிளக் போதும். 28 வாட் மணி கொள்ளளவுள்ள பேட்டரியை 10 வாட் சார்ஜரில் 40-லிருந்து 80 சதவீதத்துக்கு ஏற்ற ஒன்றரை மணி நேரம்போல ஆகும். அதை வைத்து நேரத்தைக் கணக்கிடலாம். நெடுநாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் 50 சதவீதத்தில் முழுவதுமாக அணைத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மீண்டும் 50-க்கு ஏற்றுங்கள். ஐபேடைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் மேல்வரம்பு 35 டிகிரி செல்சியஸ். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் சூடு அதைச் சுலபமாகத் தாண்டும்.

சரி, உப்பிவிட்டது என்றால்? சார்ஜரைப் பிடுங்கி, டேப்லெட்டை அணையுங்கள். "படங்களை மட்டும் எடுத்துக்கிறேன்" என்று திரும்பவும் சார்ஜ் போடுகிறார்கள், அது வேண்டவே வேண்டாம். உங்கள் படங்கள் பேட்டரியில் இல்லை, மெயின் போர்டில் இருக்கும் சிப்பில் இருக்கின்றன. பேட்டரியை மாற்றுவதால் அவை அழியாது. திரையை அமுக்காதீர்கள். காற்றை இறக்குவதாக நினைத்து ஊசியால் குத்தாதீர்கள். மின்முனைகள் ஒன்றோடொன்று தொட்டால் நொடியில் தீப்பிடிக்கும். ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள், ஈரம் படியும். டைல்ஸ் தரையிலோ மணல் பரப்பிய உலோகத் தட்டிலோ, துணி, காகிதம், பிள்ளைகளின் கை எதுவும் எட்டாத இடத்தில் வையுங்கள். புகை வந்தால் அதைச் சுவாசிக்காமல் வெளியேறி, தீயணைப்புத் துறையை அழையுங்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும், நுரையீரலை அரிக்கும்.

கடையில் கொடுக்கும்போது முதல் வார்த்தையாக "பேட்டரி உப்பியிருக்கு" என்று சொல்லுங்கள். வழக்கமாகத் திரையைக் கழற்ற வெப்பக்காற்று காட்டுவார்கள். உப்பிய பேட்டரிமேல் அது படக் கூடாது. பேட்டரியை ஒட்டியிருக்கும் அடிப்பசையை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவிட்டு, பிளாஸ்டிக் அட்டையால் மெதுவாக நெம்ப வேண்டும். உலோகக் கருவியால் நெம்பினால் பை கிழியும்.

புதிய பேட்டரியில் அச்சிட்ட மாடல் எண்ணும் வோல்ட்டும் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே பாருங்கள். அதே அளவு, அதே எடை, ஆனால் கொள்ளளவு இருமடங்கு என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். இரண்டு செல்கள் உள்ள பேட்டரியில் ஒன்று மட்டும் உப்பியிருந்தாலும் முழுத் தொகுப்பையும் மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய பேட்டரி குப்பைத்தொட்டிக்குப் போகக் கூடாது, குப்பை வண்டியின் அழுத்தத்திலேயே அது பற்றிக்கொள்ளும். முனைகளில் இன்சுலேஷன் டேப் சுற்றி, "உப்பியது" என்று சொல்லி மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.