பஞ்சாயத்து ஆபீஸ் வரை வந்த ஃபைபர் வீட்டுக்கு ஏன் வரவில்லை?

ஊராட்சிகளுக்கு இணையத்துக்கான ஃபைபர் (ஒளியிழை) கொண்டுபோகும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011-இல் ஒப்புதல் தந்தது. இன்று அதன் பெயர் பாரத்நெட். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் அதைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு மாநில அரசு நிறுவனமான டான்ஃபிநெட்டுடையது. ஆனால் ஊராட்சி அலுவலகச் சுவரில் பெட்டி மாட்டியதோடு ஊருக்கு இணையம் வந்துவிடாது. அங்கிருந்து காலனியின் கடைசி வீடு வரையுள்ள ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் பாடாய்ப் படுத்துகிறது.

முதலில் ஒளியின் வரவு செலவைப் பாருங்கள். இழையில் ஒளியை அனுப்பும் ஓ.எல்.டி. கருவியிலிருந்து +3 டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு) அளவில் ஒளி கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் போகும் ஒளியை டெசிபலில் கணக்கிடுவார்கள்; 2 கிலோமீட்டர் இழையில் 1 டெசிபல்கூடப் போகாது. 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் மட்டும் சுமார் 17 போய்விடும். ஜாயின்ட், கனெக்டர்களுக்கு 2 என்று வைத்தால், வீட்டுக்கு வருவது −17. −27 வரை குறைந்தாலும் மோடம் வேலை செய்யும். கையில் இருப்பது 10 டெசிபல்.

இந்த இருப்பு சில்லறைத் தவறுகளில்தான் கரைகிறது. புதிதாக ஒருவர் இணைப்பு கேட்டதும் கம்பத்திலேயே இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரைச் செருகினால், அதற்குப் பின்னுள்ள எல்லோருக்கும் மூன்றரை டெசிபல் குறையும். பச்சை கனெக்டரின் முனை 8 டிகிரி சாய்வாக வெட்டியது. நீலத்தின் முனை சாய்வில்லாதது. இரண்டையும் சேர்த்தால் நடுவே இடைவெளி விழும், ஒளி சிதறும். உள்ளே நுழையும் இடத்தில் இழையை ஆணியில் சுற்றி மடக்கிவிடுகிறார்கள், அங்கேயும் கசியும். மோடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கினால் மோடத்தை மாற்றாதீர்கள். கனெக்டரைக் கழற்றி, பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, ஒளியை அளக்கும் பவர் மீட்டரில் அளந்து பாருங்கள். முனையைக் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கெடுக்கும்.

அடுத்தது கரண்ட். மோடத்துக்கு 10 வாட் போதும். 2,000 மில்லிஆம்பியர்-மணி லித்தியம் செல் மூன்று போட்ட 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓட்டும். ஆனால் ஊராட்சி அலுவலகத்து பேட்டரி செத்திருந்தால், வீட்டில் எது இருந்தும் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அந்த அறையைத் திறக்க ஊரில் ஒருவரிடம் சாவி இருக்க வேண்டும்.

மாதக் கட்டணம் கட்ட முடியாத வீடுகளுக்கு பிஎம்-வாணி என்ற மத்திய அரசின் பொது வைஃபை திட்டம் இருக்கிறது. 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்றது. டீக்கடைக்காரரே வைஃபை விற்கலாம். உரிமம் வேண்டாம், பதிவுக் கட்டணமும் இல்லை. 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட ஆணைப்படி, 200 எம்பிபிஎஸ் வரையுள்ள வீட்டு பிளான்களை, இப்படி வைஃபை விற்பவர்களுக்கு இணைய நிறுவனங்கள் வீட்டு விலையின் அதிகபட்சம் இருமடங்குக்குள் கொடுத்தாக வேண்டும். அதைச் சொல்லியே இணைப்பு கேளுங்கள். ரவுட்டரைத் தகர ஷட்டருக்குப் பின்னால் வைத்தால் தெருவுக்கு சிக்னல் வராது. வெளியில் மாட்டும் ஆக்ஸஸ் பாயின்ட்டை வாங்கி, மூன்று மீட்டர் உயரத்தில், தெருவைப் பார்த்து மாட்டுங்கள்.