தீவுக்குப் போகிறீர்களா? ஹோட்டலைக் கடைசியில் பாருங்கள்

பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வரும்போதே போனில் ஒரு ஹோட்டல் படத்தோடுதான் வருகிறார்கள். நீச்சல் குளம், அதற்குப் பின்னால் நீலக்கடல், சாய்ந்து நிற்கும் ஒரு தென்னை. "இந்த ரூம்தான் வேணும், தேதியை நீங்களே பார்த்துப் போடுங்க" என்பார்கள். எந்த மாதம் லீவு கிடைக்கும் என்று நான் கேட்பேன். பாதி நேரம் அந்தப் பதிலிலேயே ஹோட்டல் அடிபட்டுப் போய்விடும்.

தீவு சின்னதுதானே, எந்தப் பக்கம் தங்கினால் என்ன என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நடுவில் உயரமாக ஒரு மலை இருந்தால் போதும், கதையே வேறு. ஈரக்காற்று வந்து மோதுகிற பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மறுபக்கம் காய்ந்த காற்றாக இறங்கும். ஹவாயின் பெரிய தீவில் கிழக்கே இருக்கும் ஹிலோவில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை; மேற்கே கோனா விமான நிலையத்தைச் சுற்றி அதில் கால்வாசிகூட கிடையாது. இரண்டுக்கும் நடுவே காரில் இரண்டு மணி நேரம்தான்! ஸ்பெயினின் டெனரீஃப் தீவும் அப்படித்தான், வடக்கே பச்சையும் மேகமும், தெற்கே வெயில்.

பருவக்காற்று அடிக்கும் இடங்களில் பக்கத்தோடு மாதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இலங்கைக்கு ஜூலையில் போகிறவர் தென்மேற்குக் கரையில் இருக்கும் ஹிக்கடுவவில் அறை போட்டால் கொந்தளிக்கும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அதே ஜூலையில் திருகோணமலைப் பக்கம் கடல் குளம் மாதிரி கிடக்கும். டிசம்பர், ஜனவரி என்றால் அப்படியே தலைகீழ்.

தொழிலுக்கு வந்த புதிதில் இதில் நானே சறுக்கியிருக்கிறேன். ஒரு குடும்பம் நவம்பரில் தாய்லாந்துத் தீவு வேண்டும் என்றது. நவம்பரில் மழை விட்டுவிடும் என்று எங்கோ படித்தது மனதில் இருந்தது, கோ சமூயில் நல்ல ஹோட்டல் மலிவாகவும் கிடைத்தது, போட்டுவிட்டேன். நான் படித்தது ஃபுக்கெட் இருக்கும் மேற்குக் கரைக்கு. சமூய் கிழக்கே, தாய்லாந்து வளைகுடாவில் இருக்கிறது, அங்கே அதிகம் மழை பெய்கிற மாதமே நவம்பர்தான். ஐந்து நாளில் நான்கு நாள் அவர்கள் அறையில் சீட்டு விளையாடினார்கள். அந்த விலை ஏன் அவ்வளவு இறங்கியிருந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை.

அதற்காக மழைக்காலம் என்றாலே ஒதுக்கிவிடவும் வேண்டாம். மாலத்தீவின் ஹனிஃபாரு விரிகுடாவில் மான்டா திருக்கைகள் கூட்டமாக மேய வருவது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில்தான். எதற்காகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கரீபியனில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். அந்த மாதங்களில் போவதென்றால் பயணக் காப்பீட்டை டிக்கெட் போட்ட அன்றே எடுத்துவிடுங்கள், புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுக்கும் காப்பீட்டில் அந்தப் புயலுக்குப் பணம் வராது.

சரி, பக்கம் முடிவாகிவிட்டது. இப்போது ஹோட்டலைப் பார்க்கலாம். விளம்பரப் படங்கள் கடலேற்றத்தின்போது எடுத்தவை. ஆழமில்லாத பவளத்திட்டுக் கரை என்றால் வற்றும் நேரத்தில் முழங்கால் தண்ணீரும் பாறையும்தான், நீந்த முடியாது. ஏற்றவற்ற நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் முதல் நாள் காலையில் நீந்திய இடத்தில் ஒரு வாரம் கழித்து அதே நேரத்துக்குப் போனால் தரை தெரியும். தங்கிப் போனவர்கள் போட்ட படங்களைத் தேடுங்கள், அதுவும் நீங்கள் போகும் அதே மாதத்தில் எடுத்ததாக.

அப்புறம், என்னோடு எல்லோரும் சண்டை போடும் விஷயம்: முதல் ராத்திரியும் கடைசி ராத்திரியும். மாலத்தீவில் கடல்விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும். சாயங்காலம் மாலேயில் இறங்கினால் தூரத்து ரிசார்ட்டுக்கு அன்றே போக முடியாமல் போகலாம், ஆனால் ரிசார்ட் அந்த இரவுக்கும் பணம் வாங்கிவிடும். கிரேக்கத் தீவுகளில் ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்ற வடகாற்று பலமாக அடித்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். பாலியில் ந்யேபி அன்று, அதாவது அங்கத்து இந்துக்கள் மௌனமாக அனுசரிக்கும் புத்தாண்டு நாளில், விமான நிலையமே 24 மணி நேரம் மூடியிருக்கும், ஹோட்டலை விட்டு வெளியே வரவும் கூடாது. பெரும்பாலும் மார்ச்சில் வரும், தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு விமான நிலையம் இருக்கும் தீவுக்கே வந்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுப்பேன். "ஒரு ராத்திரி வீணாப் போகுதே சார்" என்பார்கள். போகட்டும், டிக்கெட் போவதற்கு அது மேல்.

டைவிங் போகிறவர்களுக்கு அந்த ராத்திரி கட்டாயமே. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். பல முறை மூழ்கியவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பது டைவிங்காரர்களின் விதி. பலரும் டைவிங்கைக் கடைசி நாளுக்கு ஆசையாக ஒதுக்கி வைத்திருப்பார்கள். அதைத் தூக்கி இரண்டாம் நாளில் போடுங்கள்.