முறுக்கைக் காட்டாமல் முறுக்கு விற்பது

தீபாவளி நெருங்கும்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் நடந்து பாருங்கள். குத்துவிளக்கு, மயில், கோலம், ஊதாப் பின்னணியில் தங்க எழுத்து. பத்துக் கடை தாண்டியதும் எந்த பேனர் எந்தக் கடையுடையது என்று கேட்டால் முழிப்போம். அவற்றில் சிலவற்றை எழுதியவனே நான்தான், எனக்கே நினைவில்லை.

1933இல் பெர்லினில் ஹெட்விக் ஃபான் ரெஸ்டோர்ஃப் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துக் காட்டினார். பொருளற்ற அசைகளின் வரிசைக்கு நடுவே ஓர் எண் கிடந்தால், அந்த எண்தான் நினைவில் தங்குகிறது. சரி, வித்தியாசமாக இருந்தால் போதுமா? போதாது. ஒருமுறை சேலைக்கடை பேனரில் கறுப்புக் கண்ணாடி போட்ட பூனையை வைத்தேன். எல்லோரும் நின்று படம் பிடித்தார்கள். "எந்தக் கடை?" என்றால் பக்கத்துக் கடைப் பெயரைச் சொன்னார்கள்.

போன வருடம் முறுக்கு சுட்டு விற்கும் ஓர் அக்காவுக்கு ஒரு போர்டு செய்தேன். வெறும் வெள்ளை. நடுவில் ஒரே வரி: "தூங்கும் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள்." கீழே கடைப்பெயர், 'முறுக்கு' என்ற சொல்.

"என்னலா தம்பி, ஒரு முறுக்குப் படம்கூட இல்ல, சாப்பிடாதேன்னு வேற எழுதியிருக்கே?"

படிக்கும்போது மூளை அடுத்த சொல்லை ஓரளவு ஊகித்துக்கொண்டே போகும். 1980இல் மூளை ஆய்வாளர்கள் மார்த்தா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும், சோதனைக்கு வந்தவர்களின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி, 'சூடான ரொட்டியில் காலுறையைத் தடவினான்' என்பது போன்ற வாக்கியங்களைப் படிக்க வைத்தார்கள். பொருந்தாத சொல் வந்து சுமார் 400 மில்லி வினாடியில் மூளை அலையில் ஒரு பள்ளம் தெரிந்தது. கடைப் பலகையில் 'வாங்க, சாப்பிடுங்க' என்றுதான் எழுதியிருக்கும். 'சாப்பிடாதீர்கள்' என்றதும் கண் ஒரு கணம் நிற்கிறது.

நின்ற கண் கீழே போய் 'முறுக்கு' என்று படிக்கிறது. ஓ, கடித்தால் சத்தம் வரும்! 'மொறுமொறு' என்று நான் எங்கேயும் எழுதவில்லை, படித்தவர்தான் சொல்லிக்கொண்டார். 1978இல் உளவியலாளர்கள் ஸ்லமேக்காவும் கிராஃபும் கண்டது இதைத்தான். ஒரு குழுவுக்கு 'வேகம் – விரைவு' என்று முழுதாகக் கொடுப்பது போலவும், இன்னொரு குழுவுக்கு 'வேகம் – வி...' என்று விட்டுவிடுவது போலவும் சொற்களைத் தந்தார்கள். தானாக நிரப்பியவர்களுக்கே சொற்கள் அதிகம் நினைவிருந்தன. என் பூனை தோற்றதும் இங்கேதான். அந்தச் சிரிப்புக்குச் சேலை தேவைப்படவே இல்லை.

ஆனால் எதிர்பாராததும் பழகிவிடும். அதே சொல் திரும்பத் திரும்ப வந்தால் அந்த 400 மில்லி வினாடிப் பள்ளமும் சிறுத்துவிடுகிறது. கடைப்பெயரின் கதை வேறு. அடிக்கடி கண்ணில் படுவது கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துப்போகும் என்று உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968இல் எழுதினார். அதனால் பெயரையும் அதன் எழுத்து வடிவத்தையும் தொடாமல், வரியை மட்டும் மாற்றுவது என் வழக்கம். கடைக்காரர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்வார்கள்.

இந்த வருடம் புது வரி எழுதித் தருகிறேன் என்றேன். அக்கா மாவு பிசைந்த கையோடு யோசித்தார். "பல்செட் போட்டவங்க பொறுப்பை நாங்க ஏத்துக்க மாட்டோம்னு போடேன்."

போட்டேன். அந்த வரிக்குக் காசு வாங்கவில்லை.