சிவிவி: அட்டைச் சரிபார்ப்பெண்

‘கார்டு வெரிஃபிகேஷன் வேல்யூ’ என்பதன் சுருக்கமே சிவிவி. இது விசா வைத்த பெயர். மாஸ்டர்கார்டு இதையே சிவிசி என்கிறது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் சிஐடி என்கிறது. விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளில் பெரும்பாலும் பின்பக்கம் 3 இலக்கம்; அமெரிக்கன் எக்ஸ்பிரஸில் முன்பக்கம் 4 இலக்கம். தமிழில் ‘பாதுகாப்பு எண்’ என்று எழுதுவோர் பலர். அது ஏடிஎம்மில் இடும் ரகசிய ‘பின்’ (PIN) எண்ணோடு குழம்பிவிடும். ‘அட்டைச் சரிபார்ப்பெண்’ என்பதே பொருத்தம்.

எதைச் சரிபார்க்கிறது? பணம் செலுத்துபவரின் கையில் அட்டை இருக்கிறதா என்பதை. பழைய அட்டைகளில் அட்டை எண் புடைப்பாக இருக்கும். கடைக்காரர் தாளை வைத்து அழுத்தி எடுத்தால் எண் பதிந்துவிடும். சரிபார்ப்பெண் தட்டையாக அச்சிடப்பட்டதால் அந்தத் தாளில் விழாது. காந்தப் பட்டைக்குள் இருக்கும் சிவிவியும் வேறு. அச்சிட்டிருப்பதைத் துறையினர் சிவிவி2 என்பார்கள். அட்டை எண், காலாவதித் தேதி, சேவைக் குறியீடு (அட்டையை எங்கே, எப்படிப் பயன்படுத்தலாம் என்று காட்டும் 3 இலக்கம்) மூன்றையும் தன் ரகசியத் திறவுகோலால் கணக்கிட்டு வங்கி இதைப் பெறுகிறது. அச்சிடும் எண்ணுக்குச் சேவைக் குறியீட்டின் இடத்தில் 000 இடுவார்கள். அதனால் பட்டையை நகலெடுத்த திருடனுக்கும் பின்பக்க எண் கிடைக்காது.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் ஒரு தவறான நம்பிக்கை விலகும். ‘பின்’ எண்ணை மாற்றினால் சிவிவியும் மாறும் என்பதே அது; உண்மையில் மாறாது. எண் கசிந்தது என்று தெரிந்தால் அட்டையை உடனே முடக்கி, புது அட்டை வாங்குவதுதான் வழி.

அட்டைத் துறையின் தரவுப் பாதுகாப்புத் தரமான பிசிஐ டிஎஸ்எஸ் விதிப்படி, பரிவர்த்தனைக்கு ஒப்புதல் கிடைத்தபின் வணிகர் இந்த எண்ணைச் சேமிக்கவே கூடாது, மறையாக்கம் செய்தும்கூட. சேமித்த அட்டைக்கும் சில தளங்கள் இதை மறுபடி கேட்பது அதனால்தான். எண்ணை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்பவர், படிவத்தில் எழுதி வாங்குபவர் யாராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். பணத்தைத் திருப்பித் தர இது தேவையில்லை; ஏடிஎம்மும் இதைக் கேட்காது. வங்கி ஊழியர் என்று சொல்லித் தொலைபேசியில் கேட்டால் அழைப்பைத் துண்டித்து, அட்டையில் அச்சிட்டிருக்கும் வங்கியின் தொலைபேசி எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

அட்டையின் இரு பக்கத்தையும் படமெடுத்துக் கைபேசியில் வைப்பது பெருந்தவறு. மேகச் சேமிப்புக்கு அந்தப் படம் தானாகவே போய்விடலாம். எண்ணை மனப்பாடம் செய்து, அதன்மேல் சிறு ஒட்டுத்தாள் ஒட்டலாம். சுரண்டினால் கையெழுத்துப் பட்டை சேதமாகி, அட்டை செல்லாது என்று கடையில் மறுக்கக்கூடும். சில தளங்கள் சிவிவி கேட்காமலே பணம் எடுக்கும் என்பதால், அட்டை எண்ணையும் காலாவதித் தேதியையும் இதே கவனத்தோடு காக்க வேண்டும்.