பாதரசத்தைக் கால்வாயில் ஊற்றாதீர்கள்

தாத்தாவின் பழைய ரத்த அழுத்தக் கருவி உடைந்ததாம். கொட்டிய பாதரசத்தை வாசலில் இருந்த மழைநீர்க் கால்வாயில் ஊற்றிவிட்டு, "கனமான சாமான்தானே அண்ணே, அடியில் போய்க் கிடக்கும்" என்கிறார் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக் கிளேர் எஸ்டேட்டிலிருந்து ஒருவர். நீர்ப் பரிசோதனை வேலையில் இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

கிடக்காது. கொதிக்க 357 டிகிரி வேண்டும், அதனால் சும்மா ஆவியாகாது என்று நினைக்கிறார்கள். கொடியில் துணி காய்வதற்குத் தண்ணீர் கொதிக்கவா செய்கிறது? பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

டர்பனில் மழைநீர்க் கால்வாய் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, நேரே ஆற்றுக்குத்தான். உம்கெனி ஆறு வழியாக, அது கடலில் கலக்கும் ப்ளூ லகூன் முகத்துவாரத்துக்கு வந்து சேரும். அங்கே வெயில் பட்டால், நீரில் கரைந்திருக்கும் பாதரசத்தில் ஒரு பகுதி மறுபடி ஆவியாகிக் காற்றில் ஏறும். காற்று பலமாக வீசினால் இன்னும் வேகமாக. ஏறியது மாதக்கணக்கில் சுற்றிவிட்டு மழையோடு இறங்கும். அந்த ஆவியைப் பிடிக்க நாங்கள் தங்கம் பூசிய மணலைப் பயன்படுத்துகிறோம். பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும்; அது பட்டுத் தங்க மோதிரம் வெளுத்ததைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்.

சரி, காற்றில்தான் போய்விடுகிறதே என்று நிம்மதி வேண்டாம். மிச்சம் சேற்றில் தங்கும். பீச்வுட் அலையாத்திக் காட்டோரம் காலை வைத்தால் கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு வருமே, அந்தச் சேறு. அதிலுள்ள நுண்ணுயிரிகள் பாதரசத்தை மெத்தில் பாதரசம் என்ற, உடலில் சேரும் நச்சாக மாற்றும். பிறகு புழு, சின்ன மீன், பெரிய மீன் என்று கூடிக்கொண்டே போகும். சதையிலேயே ஒட்டியிருப்பதால் பொரித்தாலும் போகாது, புளிக்குழம்பு வைத்தாலும் போகாது.

டர்பனுக்கு உள்ளே தள்ளியிருக்கும் கேட்டோ ரிட்ஜில் 1980களில் ஒரு ரசாயன ஆலையிலிருந்து ஓடையில் கலந்த பாதரசம், முப்பது வருடம் கழித்தும் அந்த ஆற்று வண்டலில் இருந்தது.

பாதரசக் கருவி உடைந்தால் ஜன்னலைத் திறங்கள், பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். துடைப்பம் வேண்டாம், வேக்குவம் கிளீனர் வேண்டவே வேண்டாம். கெட்டி அட்டையால் துளிகளை ஒன்று சேர்த்து, இறுக்கி மூடும் பாட்டிலில் போட்டு, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். குழல்விளக்கு, சிஎஃப்எல் பல்பிலும் பாதரசம் உண்டு, அவற்றையும் குப்பையில் போடாதீர்கள்.

கர்ப்பமாக இருக்கும் தங்கச்சிகளே, சுறாவும் வாள்மீனும் இப்போதைக்கு வேண்டாம், ஷேட் மீன் வாரம் ஒரு முறை போதும். சார்டின் (மத்தி) பயமில்லாமல் சாப்பிடுங்கள்.