அந்தக் குழிக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்

கோடை பிறந்தால் போதும், கனடாவின் வடமேற்குக் கோடியில் இருக்கும் யூகானுக்குச் சுற்றுலா போய்வந்தவர்களின் படங்கள் வரத் தொடங்கிவிடும். டாசன் சிட்டிக்குப் பக்கத்து மேடு, இடிந்தும் இடியாமலும் ஒரு மரக்குடில், அருகே புதர் மூடிய பழைய தங்கச் சுரங்கக் குழி. குழிக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு ஒருவர் சிரிக்கிறார். சுரங்கப் பாதுகாப்பு வேலையில் இருப்பவர்களுக்கு இந்தப் படத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

கண்டித்தால் வரும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "ஸ்வீடன்காரன் கட்டிய குடில் சார், நூறு வருஷத்துக்கு மேல நிக்குது. குழியை மட்டும் மோசமாவா கட்டியிருப்பான்?"

அவர்கள் குழியைக் கட்டவே இல்லை. அதுதான் விஷயம்.

1896 ஆகஸ்டில் டாசன் பக்கத்துப் பொனான்சா ஓடையில் தங்கம் கிடைத்த பிறகு அங்கே குவிந்தவர்களில் ஸ்வீடனிலிருந்து குடியேறியவர்கள் கணிசம். மரம் வெட்டுவது, தச்சு, சுரங்கம் என்று எதற்கும் பழகிய கைகள். பேர்போனவர் சார்லி ஆண்டர்சன். போதையில் இருந்தவரிடம் எல்டராடோ ஓடையின் 29-ஆம் எண் கிளெய்மை (தங்கம் தோண்டும் உரிமையுள்ள நிலத்துண்டை) 800 டாலருக்குத் தலையில் கட்டினார்கள். தெளிந்ததும் பணத்தைத் திருப்பிக் கேட்டார், நடக்கவில்லை. அந்த மண்ணிலிருந்து பத்து லட்சம் டாலருக்கு மேல் வந்தது. 'அதிர்ஷ்டக்கார ஸ்வீடன்காரர்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. பணம் ஒட்டவில்லை. 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் சொத்து போய், கடைசியில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மர அறுவை ஆலையில் கூலி வேலை பார்த்து 1939-இல் இறந்தார்.

இந்த ஸ்வீடன்காரர்கள் குடிலையும் குழியையும் எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். குடிலுக்கு ஸ்ப்ரூஸ் மரம். மூலையில் ஒரு கட்டை இன்னொன்றின்மேல் கச்சிதமாக உட்காரும்படி வெட்டு, இடுக்கில் பாசி, கூரைமேல் மண். குழிக்கோ ஒரு முட்டுக்கட்டைகூடக் கிடையாது. அங்கே மண் கோடையிலும் உறைந்தே கிடக்கும், பாறை மாதிரி நிற்கும். இரவு குழிக்குள் விறகு எரிப்பார்கள், ஓரடி அளவுக்கு இளகும். காலையில் அதை அள்ளி, கை ராட்டினத்தில் வாளி வாளியாக மேலே ஏற்றுவார்கள். இப்படி 15 அடியிலிருந்து 40 அடிக்கு மேலும் இறங்கி, அடிப்பாறையைத் தொட்டதும் தங்கம் போகும் திக்கில் பக்கவாட்டில் தோண்டுவார்கள். சுவரைத் தாங்கியது தச்சு வேலை அல்ல, பனி.

வெயில் தாக்காமல் தரைமேல் போர்த்தியிருந்த பாசியைச் சுரண்டியாயிற்று. நூற்றுச் சொச்சம் கோடை வெயில் அடித்தாயிற்று. அந்தப் பனி இன்னும் இருக்கும் என்று எந்த நம்பிக்கையில் விளிம்பில் நிற்கிறீர்கள்? குழி தெரிகிற இடம் மட்டும் ஆபத்தில்லை, அதைச் சுற்றியும் அடியில் பொள்ளல்தான். தரை எங்கேயாவது தட்டுப்போல் உள்வாங்கியிருந்தால் விலகிப் போங்கள். சில குழிகளின் வாயைப் பலகை போட்டு மூடியிருப்பார்கள். பலகை உளுத்து, மேலே பாசி வளர்ந்து, பார்த்தால் நல்ல தரை மாதிரியே இருக்கும்.

அடுத்தது காற்று. "நாத்தம் ஒண்ணுமே இல்லையே!" என்கிறார்கள். ஐயா, கொல்லும் காற்றுக்கு நாற்றம் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? மட்கும் மரமும் தாவரக் கழிவும் ஆக்சிஜனைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விடும். அது கனமானது, அடியில் தேங்கும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். 19.5-க்குக் கீழே போனாலே நாங்கள் ஆளை இறக்க மாட்டோம். 10-ஐ நெருங்கினால் மயக்கம், கூப்பிடக்கூட நேரம் இருக்காது. பாழுங்கிணற்றில் தூர்வார இறங்கியவர் மயங்க, தூக்கப் போனவரும் சாவதை நம் ஊர்ச் செய்திகளில் படிக்கிறோமே, அதே கதைதான்.

விளக்கை இறக்கிப் பார்ப்பேன் என்பவர்களுக்கு: கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் அளவில் இருந்தாலும் சுடர் அணையாது. மீத்தேன் இருந்தால் பற்றிக்கொள்ளும். வாடகைக்குக் கிடைக்கும், நான்கு வாயுக்களை மட்டும் அளக்கும் மானியைப் பார்த்துத் தைரியம் கொள்பவர்களுக்கு இன்னொன்று, அந்த மானிகள் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடை அளப்பதே இல்லை. போன வருஷம் இறங்கினோம், ஒன்றும் ஆகவில்லை என்பதும் செல்லாது. வெளியே காற்றழுத்தம் குறைந்தால் பழைய சுரங்கம் உள்ளிருப்பதை வெளியே மூச்சுவிடும். காலையில் இருந்த காற்று மாலையில் இருக்காது.

ஒருவர் விழுந்துவிட்டால் பின்னால் இறங்காதீர்கள். தயவுசெய்து. இடத்தின் ஜிபிஎஸ் குறித்து உதவிக்குக் கூப்பிடுங்கள். கைபேசி அங்கே பல இடங்களில் எடுக்காது, செயற்கைக்கோள் கருவி வேண்டும்.

குடிலுக்குள்ளும் போக வேண்டாம். அடிக்கட்டை உளுத்திருக்கும், நனைந்த கூரை மண்ணின் பாரமோ பல நூறு கிலோ. எலிப் புழுக்கையைப் பெருக்கிவிட்டால் நுரையீரலைத் தாக்கும் ஹான்டா வைரஸ் தூசியோடு மூச்சில் ஏறும். பென்சில் துண்டு அளவில் உலோகக் குழாய் கிடந்தால் அது வெடிமருந்தை வெடிக்கவைக்கும் டெட்டனேட்டராக இருக்கலாம். கசிந்து படிகம் பூத்த டைனமைட் அசைவுக்கே வெடிக்கும். தொடாதீர்கள், குழந்தையை எடுக்க விடாதீர்கள், வந்த வழியே திரும்பிப் போய்ப் போலீசுக்குச் சொல்லுங்கள். ஆணி ஒன்றைக்கூட நினைவுப் பொருளாக எடுக்காதீர்கள், சட்டப்படியும் குற்றம்.

தங்கம் அலசிப் பார்க்கத்தான் ஆசை என்றால் பொனான்சா ஓடையில் 6-ஆம் எண் கிளெய்ம் பொதுமக்களுக்கு இலவசமாகத் திறந்திருக்கிறது. ஒரு தட்டு, ஒரு கைக்கரண்டி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போதும். மற்ற ஓடைகளில் கை வைக்காதீர்கள், பல கிளெய்ம்களுக்கு இன்றும் உரிமையாளர் உண்டு.