முழுநலம் பேணுபவர்: ஒரு குதிரைத் தொழிலுக்குத் தமிழ்ப் பெயர்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் ஆண்டு மலருக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் தொழில் பார்க்கும் பிள்ளைகளின் பட்டியலில் என் அண்ணன் மகளின் பெயர் இருந்தது. பெயருக்கு எதிரே ‘குதிரை வைத்தியர், இங்கிலாந்து’ என்று அச்சாகியிருந்தது. பக்கத்தைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைத்தாள்.

“சித்தப்பா, அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். நான் வைத்தியர் இல்லை. இங்கே வைத்தியர் அல்லாதவர் தன்னை மிருக வைத்தியர் என்று சொல்லிக்கொள்வது குற்றம்.”

அவள் சொன்னது சரி. பிரித்தானியாவில் 1966ஆம் ஆண்டின் மிருக வைத்தியர் சட்டம் அந்தப் பெயரைப் பதிவுபெற்றவர்களுக்கே உரியதாக்கி வைத்திருக்கிறது. அப்படியானால் வேறு என்ன போடுவது என்று கேட்டேன். தன் தொழில் அட்டையில் இருப்பதை வாசித்தாள்: ‘ஹோலிஸ்டிக் ஹோர்ஸ் வெல்னஸ் அண்ட் ரைடர் கோச்சிங்’. மலர் அச்சுக்குப் போக நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளும் இந்தத் தொடரோடுதான் கழிந்தன.

வேலை இன்னதென்று தெரியாமல் அதற்குப் பெயர் வைக்க முடியாது. ஆகவே முதலில் ஒரு நாள் வேலையைச் சொல்லச் சொன்னேன். ஒரு குதிரையைப் பற்றிச் சொன்னாள். சேணம் பூட்டப் போனால் காதுகளைப் பின்னுக்கு மடித்துக் கடிக்க வருகிறது. முரட்டுக் குதிரை, அடக்க வேண்டும் என்கிறார் உடைமையாளர். இவள் போய் முதலில் பார்த்தது சேணத்தின் அடியை. ஓடி முடித்த குதிரையின் முதுகு வியர்வையில் நனைந்திருக்க, தோளுக்குப் பின்னால் உள்ளங்கை அளவு இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. சேணம் அந்த இடத்தில் அழுத்துகிறது என்று அவள் சந்தேகித்தாள். அடுத்ததாகத் தீவனத்தை விசாரித்தாள். மாலையில் போடும் புல் இரவு பத்து மணிக்கு முடிந்துவிடுகிறது; விடியும்வரை வெறும் வயிறு. குதிரையின் இரைப்பை சிறியது. உள்ளே தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். நாளின் பெரும்பகுதியை மேய்ந்தே கழிக்கும்படி அமைந்த உடல் அது. பட்டினி கிடந்தால் வயிற்றில் புண் வரும். பிறகு குளம்பு. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை செதுக்க வேண்டியது, நாள் கடந்து முன்பக்கம் நீண்டிருந்தது. கடைசியாக உடைமையாளரை ஏறச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தாள். அவர் தம்மை அறியாமலே வலப்பக்கம் சாய்ந்து அமர்கிறார்.

வயிற்றுப் புண் உண்டா என்பதை வைத்தியர் சொல்ல வேண்டும். குளம்புக்கு லாடக்காரர் இருக்கிறார், சேணத்துக்குச் சேணம் தைப்பவர். இவளுடைய வேலை இந்த நான்கையும் ஒரே குதிரைக்குள் சேர்த்துப் பார்ப்பது, எது எவரிடம் போக வேண்டும் என்று பிரித்துச் சொல்வது, அன்றாடத் தீனியையும் ஓய்வையும் பிடித்துவிடுதலையும் ஒழுங்கு செய்வது, ஏறுபவரின் அமர்வைத் திருத்துவது. ‘குதிரை வைத்தியர்’ என்ற பெயர் அவளிடம் இல்லாத அதிகாரத்தைக் கொடுத்து, இருக்கிற திறமையை மறைத்துவிடுகிறது.

இனிச் சொற்கள். ‘ஹோலிஸ்டிக்’ பழைய கிரேக்கச் சொல் போல ஒலித்தாலும் வயது நூறுதான். தென்னாபிரிக்காவின் பிரதமராக இருந்த ஜான் ஸ்மட்ஸ் 1926இல் வெளியிட்ட நூலில் ‘ஹோலிசம்’ என்று ஒரு சொல்லை உருவாக்கினார். வேர் கிரேக்க ‘ஹோலோஸ்’. முழு என்பது பொருள். உறுப்புகளைத் தனித்தனியே கூட்டினால் வருவதைக் காட்டிலும் முழுமை பெரியது என்பது அவர் வாதம். இதைத் தமிழில் ‘ஒருங்கிணைந்த’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. பிரிந்து கிடந்தவற்றைச் சேர்த்தால்தான் ஒருங்கிணைப்பு. குதிரை ஒருபோதும் பிரிந்து கிடக்கவில்லை. பார்க்கிற நாம்தான் பிரித்துப் பார்த்தோம். ‘முழு’ என்ற நம் சொல்லே போதும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நொண்டுகிற குதிரையை வைத்தியரிடம் காட்டாமல் எண்ணெயும் மூலிகையும் தடவி நாளைக் கடத்துகிறவர்களும் இதே ‘ஹோலிஸ்டிக்’ பலகையைத்தான் மாட்டுகிறார்கள். முழுதாகப் பார்ப்பதென்றால் வைத்தியமும் அந்த முழுமைக்குள் இருந்தாக வேண்டும்.

‘வெல்னஸ்’ நோய்க்கு எதிர்ப்பதமாகப் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இருந்தது. இன்றைய பொருளைக் கொடுத்தவர் ஹால்பர்ட் டன் என்ற அமெரிக்க மருத்துவர். நோய் இல்லாத நிலை ஒன்று, நன்றாக வாழும் நிலை இன்னொன்று என்று 1950களின் கடைசியில் அவர் பேசிவந்தார். தமிழ் அகராதிகளைத் திறந்தால் ‘ஆரோக்கியம்’ முன்னால் வந்து நிற்கும். ஆனால் ஆரோக்கியம் என்ற வடசொல்லுக்கு உள்ளே இருப்பது ‘ரோகம் இன்மை’. டன் தாண்டிப் போகச் சொன்ன எல்லையிலேயே அது நின்றுவிடுகிறது.

யாழ்ப்பாணத்தில் நாம் அன்றாடம் சொல்வது ‘சுகம்’. சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்கிறோம், காய்ச்சல் வந்தால் சுகமில்லை என்கிறோம். இந்தச் சொல்லின் பழைய வாழ்க்கையைத் தேடிப் போனபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ரிக் வேதத்தில் ‘சுக’ தேருக்கு வரும் அடைமொழி. ‘சு’ என்றால் நல்ல, ‘க’ என்றால் துளை. அச்சு நன்றாகப் பொருந்தும் துளையுடைய, தடங்கலின்றி ஓடும் தேர் என்று பொருள் சொல்வார்கள். வேறு விதமாகப் பிரிப்பவர்களும் உண்டு. எப்படியானாலும் குதிரை இழுத்த தேரில் ஏறித்தான் இந்தச் சொல் நம் வீட்டு விறாந்தைவரை வந்திருக்கிறது. குதிரைத் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமாக வேறென்ன கிடைக்கும் என்று ஒரு முழு இரவு எண்ணினேன். காலையில் விட்டுவிட்டேன். நம் காதில் சுகம் நோயோடு ஒட்டிய சொல். ‘குதிரைச் சுகம் பார்ப்பவர்’ என்றால் மறுபடியும் வைத்தியர்தான் நினைவுக்கு வருவார். ‘நலம்’ அப்படியில்லை. நல் என்ற அடியிலிருந்து வந்த சொல். நன்மை, அழகு, இன்பம் எல்லாவற்றையும் பழைய நூல்கள் அதற்குள் வைத்திருக்கின்றன. முழுநலம். அதனோடு ‘பேணு’ என்ற வினை. பேணுதல் என்பதில் காப்பதும் உண்டு, போற்றுவதும் உண்டு.

‘கோச்’சின் கதை இன்னும் நெருக்கமானது. ஹங்கேரியில் கோச் என்றொரு ஊர் இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் அங்கே செய்த குதிரை வண்டிகள் பேர்பெற்றவை. கோச் ஊர் வண்டி என்பதை அவர்கள் மொழியில் ‘கோச்சி’ என்றார்கள். வண்டியோடு பெயரும் ஜெர்மன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. 1830 அளவில் ஒக்ஸ்போர்ட் மாணவர்கள், பரீட்சையைக் கடந்துபோக உதவும் தனி ஆசிரியரைக் ‘கோச்’ என்று அழைக்கத் தொடங்கினார்கள்; ஏறி உட்கார்ந்தால் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டி அல்லவா? அங்கிருந்து விளையாட்டுத் திடலுக்கு வந்தது. ஆங்கிலத்திலிருந்து அதே சொல் இலங்கைக்கு வேறொரு தண்டவாளத்தில் வந்தது. எங்கள் அப்பம்மாவுக்குப் புகையிரதம் என்றால் தெரியாது, ‘கோச்சி’ என்றால்தான் தெரியும். 1905இல் காங்கேசன்துறைவரை பாதை முடிந்த காலம் தொட்டு, 1990இல் ஓட்டம் நின்றுபோகும்வரை, எத்தனை பேர் கோச்சியேறிக் கொழும்புக்குப் போனார்கள். 2014இல் யாழ்ப்பாணத்துக்கு அது திரும்பி வந்த நாளில் கிழவர்கள் சொன்னதும் அதே சொல்தான். ஹங்கேரியக் கோச்சியும் நம் கோச்சியும் ஈற்றெழுத்துவரை ஒத்திருப்பது தற்செயல். ஆனாலும் அண்ணன் மகளிடம் சொன்னபோது அவள் தன் தொழில் அட்டையை எடுத்து மீண்டும் ஒருமுறை பார்த்தாள்.

இந்தச் சொல்லுக்குத் தமிழில் மூன்று வடிவங்கள் புழங்குகின்றன: பயிற்சியாளர், பயிற்றுநர், பயிற்றுவிப்பாளர். இலங்கைப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தில் மூன்றாவதே அதிகம். பயிற்சியாளர் என்பது பயிற்சி பெறுபவரையும் குறிக்கலாம் என்பதால் அதை ஒதுக்கினேன். மற்ற இரண்டில், ‘பயிற்று’ என்பதே பிறவினையாக இருக்கும்போது ‘வி’ எதற்கு, வீண் சுமை என்று நானே பல மெய்ப்புகளில் வெட்டியிருக்கிறேன். ஓடு, ஓட்டு, ஓட்டுவி என்று நம் வினைகள் அடுக்கடுக்காக ஏறும். தான் செய்வது ஒன்று, பிறரைச் செய்யவைப்பது ஒன்று, பிறரைக் கொண்டு செய்விப்பது ஒன்று. குதிரையேற்றத்தில் பாருங்கள்: குதிரை பயில்கிறது. முதுகில் இருப்பவர் தொடையாலும் கடிவாளத்தாலும் அதைப் பயிற்றுகிறார். ஓரத்தில் நிற்கும் அண்ணன் மகள் அவரைக் கொண்டு பயிற்றுவிக்கிறாள். அவள் குதிரையைத் தொடுவதே இல்லை. ‘இடத் தோளைத் தளர்த்துங்கள்’ என்கிறாள், குதிரையின் நடை நேராகிறது. மூன்று படியும் உண்மையாகவே இருக்கிற தொழில் இது. இத்தனை ஆண்டுகள் நான் வெட்டிய ‘வி’ இங்கே தன் முழு வேலையையும் செய்கிறது.

‘ரைடர்’ என்பதற்குச் ‘சவாரிக்காரர்’ என்று போட நம் ஊரில் முடியாது. சவாரி என்றால் இங்கே மாட்டுவண்டிச் சவாரிதான். ஆனால் அந்தச் சொல்லும் பாரசீகத்திலிருந்து வந்தது; அதன் பழைய வடிவம் ‘அசபார’, குதிரையால் சுமக்கப்படுபவன். எங்கள் சவாரித் திடலில் காளைகள் புழுதி கிளப்பும்போதெல்லாம் பெயருக்குள் ஒரு குதிரை ஓடுகிறது. பழந்தமிழில் ஏறிச் செலுத்துவதற்கு வினை ‘ஊர்தல்’. சிவிகையில் ஊர்ந்தானைக் குறளில் காண்கிறோம். காதல் கைகூடாதவன் பனைமடலால் செய்த குதிரை மேல் ஏறி வருவது மடலூர்தல். இன்று ஊர்வது எறும்பும் பாம்பும் மட்டுமே என்பதால் அதை மீட்க மனம் இருந்தும் விட்டேன். ‘குதிரையேற்றம்’ எல்லோருக்கும் விளங்கும்.

குதிரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் என்ன என்று கேட்பவர்கள் மாவிட்டபுரத்தின் பெயரைப் பிரித்துப் பார்க்கட்டும். மா என்றால் குதிரை. குதிரை முகத்தோடு துன்பப்பட்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலைத் தீர்த்தத்தில் நீராட, அந்த முகம் நீங்கிய இடம் என்பது தலக்கதை. அவள் பெயருக்குள்ளும் ‘புரவி’ ஒலிக்கிறது. கதை எதுவானாலும், மா என்பது குதிரையைக் குறித்ததை மறவாத மக்கள் வைத்த விளக்கம் அது.

உயிருள்ள குதிரைகள் நெடுந்தீவில் இருக்கின்றன. போர்த்துக்கேயர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் மட்டக்குதிரைகளின் வழிவந்தவை, இன்று கட்டுக்கடங்காமல் திரிபவை. போன ஆவணியில் அவள் வந்திருந்தபோது குறிகட்டுவானில் படகேறிப் போனோம். நான் கிட்டே போய்ப் படம் எடுக்கப் பார்த்தேன். கையைப் பிடித்து நிறுத்தினாள். முருகைக்கல் வேலியோரம் குந்தியிருந்து, ஒரு பெட்டைக் குதிரையின் விலாவைப் பார்த்தபடி கைக்கடிகாரத்தில் எண்ணினாள். நிமிடத்துக்குப் பன்னிரண்டு மூச்சு. ஓய்வில் இருக்கும் குதிரைக்கு எட்டிலிருந்து பதினாறு வரை சரி என்றாள். “குளம்பைப் பாருங்கள் சித்தப்பா. இந்தக் கல்நிலமே தேய்த்துவிடுகிறது, செதுக்க ஆள் தேவையில்லை.” விலா எலும்புகள் தெரிந்ததைப் பார்த்ததும் பேச்சு நின்றது. கோடையில் குளங்கள் வற்றும்போது அவை தண்ணீருக்குத் தவித்துச் சாகின்றன. அருகே இருந்த தொட்டியில் நீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நடந்தாள்.

இதை ஓர் உத்தியோகம் என்று ஊரில் ஏற்க நாள் எடுத்தது. என்ன படிக்க வேண்டும் என்று இப்போது சில பெற்றோர் என்னிடமே கேட்கிறார்கள். இங்கே இருந்துகொண்டு விலங்கு உடலைப் படிக்கப் பேராதனையின் மிருக வைத்திய பீடம் இருக்கிறது. அண்ணன் மகள் போன வழி வேறு: லாயத்தில் சாணம் அள்ளுவதில் தொடங்கி, 1947இல் தொடங்கிய பிரித்தானியக் குதிரைச் சங்கத்தின் பயிற்றுவிப்புத் தேர்வுகளைப் படிப்படியாக எழுதினாள்; தசைப் பராமரிப்பைத் தனியே கற்றாள். முதல் சில ஆண்டுகள் இதை மட்டும் நம்பி வாழ முடியாது, வேறு ஒரு வேலையும் கையில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னாள்.

நான்காம் நாள் மாலை மலர்க்குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன்: ‘குதிரை முழுநலம் பேணுபவர், குதிரையேற்றப் பயிற்றுவிப்பாளர்’. ஒரு வரிக்குள் அடங்காது, ‘பயிற்றுநர்’ என்று சுருக்கலாமா என்று பக்கம் அமைப்பவர் கேட்டார். அந்த ‘வி’யை விட முடியாது என்றேன். எழுத்தை அரைப் புள்ளி குறைத்து, இரண்டாவது வரியை அடுத்த பெயருக்கு மேலே இருந்த வெளியில் சேர்த்துவிட்டார்.